நல்ல வார்டில் ஏன் இத்தனை தவறு?

கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் கூட்டல் குறி வந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஏமி எட்மண்ட்சன், ஆறு மாதம் காத்திருந்து பெற்ற தரவுகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். ஒருவரோடொருவர் நன்றாக ஒத்துழைக்கும் மருத்துவக் குழுக்கள் மருந்து கொடுப்பதில் குறைவாகத் தவறு செய்யும் என்பது அவருடைய கருதுகோள். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, அதுவும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத தொடர்பு என்பது முதலில் தெரிந்தது. பிறகுதான் குறியைக் கவனித்தார். நல்ல குழு என்று கேள்வித்தாள் காட்டிய வார்டுகளில்தான் தவறுகள் அதிகம்.

இன்று மேலாண்மை வகுப்புக்குள் கால் வைத்த எவரும் கேட்காமல் தப்பிக்க முடியாத ‘சைக்காலஜிக்கல் சேஃப்டி’ அந்தத் தலைகீழ் முடிவிலிருந்துதான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. உளப் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் கேட்டாலோ, தவறை ஒப்புக்கொண்டாலோ, மேலே இருப்பவர் சொன்னதை மறுத்தாலோ இங்கே நம்மை யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள், தண்டிக்க மாட்டார்கள் என்று ஒரு குழுவில் உள்ளவர்கள் பொதுவாக நம்பினால் அங்கே அது இருக்கிறது. தலைமை, அலுவலகப் பண்பாடு, புதுச் சிந்தனை ஆகிய மூன்றையும் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் பல இந்தக் கருத்தைத் தொட்டுத்தான் போகின்றன. அது தோற்றுப்போன ஒரு கருதுகோளிலிருந்து வந்தது என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எட்மண்ட்சன் இந்தத் துறைக்கு நேர்வழியில் வந்தவர் அல்ல. இளங்கலையில் ஹார்வர்டிலேயே பொறியியலும் வடிவமைப்பும் படித்தார். ஜியோடெசிக் குவிமாடத்தால் புகழ்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டு, 1983இல் அவர் இறக்கும்வரை அவரிடம் தலைமைப் பொறியாளராக இருந்தார். ஃபுல்லரின் வடிவியல் சிந்தனைகளை விளக்கி 1987இல் ஒரு புத்தகமும் எழுதினார். பிறகு நிறுவனங்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேலை. அங்கே பெரிய நிறுவனங்களை உள்ளிருந்து பார்த்ததும், இத்தனை புத்திசாலிகள் கூடியிருந்தும் இவை ஏன் எதையும் கற்றுக்கொள்ளத் திணறுகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியோடு மறுபடியும் ஹார்வர்டுக்கே போனார்.

அங்கே அவருக்கு வாய்த்த நெறியாளர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஹேக்மன். குழு வேலையைப் பற்றி அந்தத் தலைமுறையில் அவரளவுக்கு ஆழமாக ஆராய்ந்தவர்கள் குறைவு. ஹேக்மனுக்கு விமானிகள் அறைமீது தனி ஆர்வம். அதற்குக் காரணம் இருந்தது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் கிளேட்டன் ஃபௌஷீயும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டிருந்தார்கள். சில நாள் சேர்ந்து பறந்து களைத்துப்போன விமானிக் குழுக்களையும், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்த குழுக்களையும் பாவனை விமானத்தில் உட்காரவைத்தார்கள். களைத்தவர்கள் அதிகம் தவறுவார்கள் என்பதுதான் எதிர்பார்ப்பு. தனித்தனியாகப் பார்த்தால் களைப்பு தன் வேலையைக் காட்டத்தான் செய்தது. ஆனால் குழுவாகப் பார்த்தபோது களைத்தவர்கள்தான் பெரிய தவறுகளைக் குறைவாகச் செய்தார்கள். சேர்ந்து பறந்த பழக்கத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டார். விமானத்தில் சரியாக இருந்தால் மருத்துவமனையிலும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? எட்மண்ட்சனின் கருதுகோள் இந்த வழியில் உருவானது.

மருத்துவமனை தானாகவே அமைந்தது. பாஸ்டனில் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளைக் கணக்கெடுக்கும் பெரிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. முன்னின்றவர்களில் இருவர் லூசியன் லீப், டேவிட் பேட்ஸ். லீப் குழந்தைகள் அறுவை மருத்துவராக இருந்து, அதை விட்டுவிட்டு மருத்துவத் தவறுகளை ஆராய வந்தவர். 11 வார்டுகள், ஆறு மாதம், 4,031 சேர்க்கைகள். மருந்தால் நேர்ந்த பாதிப்புகள் 247. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதன் முடிவுகள் வந்தன. மருத்துவர் மருந்து எழுதும்போது 39 சதவீதத் தவறுகள், நர்ஸ் மருந்து கொடுக்கும்போது 38 சதவீதம், மீதி இடையில் எடுத்தெழுதும்போதும் மருந்தகத்திலும். அந்த நகரத்துக்கு இது வெறும் ஆய்வுப் பொருள் அல்ல. 1994 டிசம்பரில் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் உடல்நலப் பத்தி எழுதிவந்த பெட்சி லேமன், டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்தில் சிகிச்சையின்போது இறந்தார். நான்கு நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டிய மொத்த மருந்தை அந்த நான்கு நாளில் ஒவ்வொரு நாளும் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பேர் கை மாறிப் போன மருந்தில் ஒருவர்கூட அதைப் பிடிக்கவில்லை.

இந்தப் பெரிய ஆய்வில் எட்மண்ட்சனின் பங்கு சிறியது. எட்டு வார்டுகளில் உள்ளவர்களிடம் ஹேக்மனின் கேள்வித்தாளைச் சற்று மாற்றிக் கொடுத்து, குழு எப்படி இருக்கிறது, தலைமை எப்படி என்று அளந்தார். தவறுகளை எண்ணியது அவர் அல்ல, பயிற்சி பெற்ற நர்ஸ்கள். அவர்கள் தினமும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினார்கள். கூடவே வார்டுக்கே போய், ‘ஏதாவது நடந்ததா?’ என்று அங்கிருந்தவர்களிடம் விசாரித்தார்கள். இந்த இரண்டாவது வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துக் கணக்கு வந்தது. வார்டுக்கு வார்டு தவறு விகிதம் பத்து மடங்கு வரை வேறுபட்டது. கேள்வித்தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய குழுக்கள்தான் தவறிலும் முன்னால் நின்றன. தன் படிப்பே கெட்டுவிட்டது என்று அப்போது கலங்கியதாக எட்மண்ட்சன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் மேலாண்மைத் துறை ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கலக்கத்தின் அருமை புரியும். தலைமைப் பண்புக்கும் பணியாளர் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு, இன்ன மாவட்டத்து நிறுவனங்களை முன்வைத்து. முந்நூறு பேருக்கு ஐந்து புள்ளிக் கேள்வித்தாள். கடைசி இயலில் அட்டவணை: எல்லாக் கருதுகோளும் ஏற்கப்பட்டன. எட்டு கருதுகோள் போட்டால் எட்டும் ஜெயிக்கும். குறி மாறி வந்தால், ‘தரவு சரியில்லை, இன்னும் ஐம்பது பேரிடம் வாங்கிச் சேர்த்துப் பார்’ என்று ஆலோசனை வரும். அந்த ஐம்பது பேர் யார், எங்கே கிடைத்தார்கள் என்று வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை. எட்மண்ட்சன் இந்த வேலையைச் செய்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும். இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது.

அவர் வேறொன்று யோசித்தார். நல்ல குழு உண்மையிலேயே அதிகம் தவறு செய்கிறதா, அல்லது அதிகம் சொல்கிறதா? விசாரிக்க வந்த நர்ஸிடம் ஒரு வார்டு மனம் விட்டுப் பேசுகிறது, இன்னொரு வார்டு வாயை மூடிக்கொள்கிறது என்றால், தாளில் ஏறும் எண்ணிக்கை நடந்த தவறுகளுடையது அல்ல. வெளியே வந்த தவறுகளுடையது.

சமாதானம் அழகாக இருக்கிறது. ஆனால் கணக்கு எதிராக வந்த பிறகு சொல்லப்படும் எந்தச் சமாதானமும் அழகாகத்தான் இருக்கும். அதனால் அதைச் சோதிக்க ஓர் ஏற்பாடு செய்தார். என் பார்வையில் மொத்தக் கதையிலும் கெட்டிக்காரத்தனமான இடம் இதுதான். ஆண்டி மோலின்ஸ்கி என்ற ஆய்வு உதவியாளரை வார்டுகளுக்கு அனுப்பினார். எந்த வார்டில் எத்தனை தவறு என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேள்வித்தாள் மதிப்பெண்ணையும் சொல்லவில்லை. தன் புதிய ஊகத்தையும் சொல்லவில்லை. போய் இருந்து பார், பேசு, அங்கே வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வா, அவ்வளவுதான்.

மோலின்ஸ்கி பார்த்துவிட்டு வந்து சொன்னவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உலகங்கள். ஒரு வார்டில் தலைமை நர்ஸ் தானும் இறங்கி வேலை செய்பவர். இத்தனை மருந்து புழங்கும் இடத்தில் கொஞ்சம் தவறு நடக்கத்தான் செய்யும், அதைத் தண்டனையாக்கினால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே நினைப்பவர். அங்கிருந்த நர்ஸ்கள் தவறைப் பற்றிச் சாதாரணமாகப் பேசினார்கள். ஆபத்து இருப்பதால்தான் உடனே சொல்கிறோம் என்றார்கள். இன்னொரு வார்டில் தவறு செய்தால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள் என்பது பேச்சு. சின்னப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுவார்கள் என்று பயந்தார்கள். உடைந்த டம்ளரை அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிற்கும் பிள்ளை என்ன செய்யுமோ அதைத்தான் அந்த வார்டு செய்துகொண்டிருந்தது. ஒரே மருத்துவமனை, ஒரே நிர்வாகம், ஒரே விதிமுறைப் புத்தகம். மாடி மாறினால் பண்பாடு மாறியது.

எங்கே வெளிப்படையாகப் பேச முடிகிறது என்ற வரிசையில் மோலின்ஸ்கி எட்டு வார்டுகளையும் அடுக்கினார். அந்த வரிசையும் கண்டுபிடிக்கப்பட்ட தவறுகளின் வரிசையும் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தின.

ஒரு நிர்வாகி அந்த ஆறு மாதக் கணக்கை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? மிகக் குறைந்த எண் காட்டிய வார்டுக்குக் கேடயம் கொடுத்திருப்பார். மனம் விட்டுப் பேசிய வார்டின் தலைமை நர்ஸுக்கு விளக்கக் கடிதம் போயிருக்கும். அடுத்த மாதத்திலிருந்து அவரும் பேச மாட்டார், எண் இறங்கும், சீர்திருத்தம் வெற்றி என்று அறிக்கை தயாராகும். விபத்தில்லா நாள்களை எண்ணிப் பலகை மாட்டியிருக்கும் தொழிற்சாலைகளையும், புகாரே இல்லாத கிளை என்று பாராட்டு வாங்கும் அலுவலகங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் கொஞ்சம் நடுங்கும்.

இந்த ஆய்வு 1996இல் கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு எட்மண்ட்சன் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் எட்டு வார்டு என்பது மிகச் சிறிய கூட்டம். அதை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது. எந்தத் தவறு மறைக்கப்பட்டது என்று யாரும் நேரில் எண்ணிக் காட்டவில்லை, காட்டவும் முடியாது. அதனால்தான் அவர் அத்தோடு நிற்காமல் அடுத்து ஒரு தொழிற்சாலைக்குப் போனார்.

அதற்கு முன் உளப் பாதுகாப்பு என்ற சொல்லின் வம்சத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை அவர் உருவாக்கவில்லை. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1954இலேயே படைப்பாற்றல் பற்றிய கட்டுரையில், ஒருவரிடமிருந்து புதியது வெளிவர வேண்டுமானால் உளப் பாதுகாப்பும் உளச் சுதந்திரமும் வேண்டும் என்று எழுதினார். 1965இல் எட்கர் ஷைனும் வாரன் பென்னிஸும் அதை நிறுவனங்களுக்குள் கொண்டுவந்தார்கள்: பழையதை விட்டுப் புதியதைப் பழக வேண்டிய மனிதன் முதலில் தான் பத்திரமாக இருப்பதாக உணர வேண்டும். ஷைன் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை விசித்திரமானது. கொரியப் போரில் சீனர்களிடம் கைதிகளாக இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பேட்டி எடுத்து, மனிதர்களின் நம்பிக்கைகளை வலுக்கட்டாயமாக மாற்றுவது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து 1961இல் புத்தகம் எழுதியவர் அவர். நிறுவனப் பண்பாடு என்ற துறைக்கே பிற்காலத்தில் பெரிய பெயரானார். மூளைச்சலவையை ஆராய்ந்தவர் உளப் பாதுகாப்பைப் பற்றி எழுதியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றே எனக்குப் படுகிறது. 1990இல் வில்லியம் கான் கோடை முகாம் ஒன்றிலும் கட்டடக் கலை நிறுவனம் ஒன்றிலும் ஆய்வு செய்து, மனிதர்கள் எப்போது வேலையில் தங்களை முழுதாக ஈடுபடுத்துகிறார்கள், எப்போது ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று விளக்கியபோது இதே சொல் திரும்ப வந்தது.

இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் தனி மனிதனின் உணர்வைப் பேசினார்கள். எட்மண்ட்சன் செய்த மாற்றம் இதுதான்: அது ஆளுடைய சொத்து அல்ல, குழுவுடைய சொத்து என்றார். கூச்ச சுபாவம், தைரியசாலி என்ற பேச்சே இதில் இல்லை. அதே நர்ஸ் மூன்றாம் மாடியில் பேசுவார், ஐந்தாம் மாடியில் பேச மாட்டார்.

தொழிற்சாலை ஆய்வு 1999இல் வெளிவந்தது. அலுவலக மேசை நாற்காலிகள் தயாரிக்கும் நிறுவனம். கட்டுரையில் அதற்குப் புனைபெயர். 51 குழுக்கள். உளப் பாதுகாப்பை அளக்க ஏழு கேள்விகள் போதும் என்று காட்டினார். இந்தக் குழுவில் தவறு செய்தால் அதையே சொல்லிக் காட்டுவார்களா, சிக்கலான விஷயத்தை எடுத்துப் பேச முடியுமா, உதவி கேட்பது கஷ்டமா என்பதுபோன்ற எளிய கேள்விகள். பாதுகாப்பு உள்ள குழுக்கள் கேள்வி கேட்டன, பரிசோதித்துப் பார்த்தன, தவறை விவாதித்தன. அப்படிக் கற்றதால் வேலையும் நன்றாக இருந்தது. பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், குழுத் தலைவர் சொல்லிக்கொடுக்கும் விதமும் நிறுவனம் தரும் ஆதரவும் முன்னால் நின்றன. உலகெங்கும் இன்று ஆய்வேடுகளில் சுற்றிக்கொண்டிருப்பது அந்த ஏழு கேள்விகள்தான்.

அதன் பிறகு வந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது இதய அறுவை பற்றியது. நெஞ்சைப் பிளக்காமல் சிறு துளை வழியாகச் செய்யும் புதிய முறையை 16 மருத்துவமனைகள் கற்றுக்கொண்டதை எட்மண்ட்சனும் ரிச்சர்ட் போமரும் கேரி பிசானோவும் கவனித்து 2001இல் எழுதினார்கள். பழைய முறையில் மகாதமனியை அறுவை மருத்துவர் தன் கண்ணால் பார்த்துக் கவ்வி போட்டு அடைப்பார். புதிய முறையில் தொடை வழியாக உள்ளே அனுப்பிய பலூன் அந்த வேலையைச் செய்கிறது. அது நகர்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்க்கும் மற்றவர்கள் சொல்லியாக வேண்டும். ராஜாவாக இருந்தவர் இப்போது மற்றவர்கள் வாயைப் பார்க்க வேண்டும். புகழ்பெற்ற மருத்துவமனை, மூத்த நிபுணர் என்ற தகுதிகள் இங்கே வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. ‘எனக்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்’ என்ற தோரணையில் குழுவை நடத்திய மருத்துவர்களின் குழுக்கள் சீக்கிரம் கற்றன.

மருத்துவமனையிலிருந்து வணிகத்துக்கும் படைப்பாற்றலுக்கும் வருவது தாவல் அல்ல. பாதி வெந்த யோசனை பார்ப்பவர்களுக்குத் தவறு மாதிரிதான் தெரியும். தவறைச் சொல்ல முடியாத இடத்தில் அதையும் சொல்ல மாட்டார்கள். மார்கஸ் பேயரும் மைக்கேல் ஃப்ரெசேயும் 2003இல் 47 நடுத்தர ஜெர்மன் நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். உற்பத்தி முறைகளில் புதுமை புகுத்துவது மட்டும் லாபத்தைத் தந்துவிடவில்லை. ஊழியர்கள் தாமாக முன்வருகிற, பயமில்லாமல் பேசுகிற சூழல் இருந்த நிறுவனங்களில்தான் அந்தப் புதுமை பலித்தது. புதிய முறையை வாங்கிவைத்துவிட்டுப் பழைய அதட்டலைத் தொடர்ந்த இடங்களில் அது பாரமாகிப்போனது.

உலகப் புகழ் கூகுள் மூலம் வந்தது. 2012இல் அந்த நிறுவனம் ‘அரிஸ்டாட்டில்’ என்ற பெயரில் ஓர் உள் ஆய்வு தொடங்கி, 180 குழுக்களைப் பிரித்து மேய்ந்தது. யார் யாரைச் சேர்த்தால் குழு சிறக்கும் என்று தேடிப் பிடி கிடைக்காமல், கடைசியில் வந்து சேர்ந்த ஐந்து காரணங்களில் முதலில் நின்றது உளப் பாதுகாப்பு. 2016இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சார்லஸ் டூஹிக் எழுதிய கட்டுரைக்குப் பின் இந்தச் சொல் மனிதவளத் துறைகளின் சுவரொட்டியாகிவிட்டது.

சுவரொட்டியானதும் சாயம் வெளுத்தது. எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுவது, யாரையும் கடிந்துகொள்ளாதது, வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் கேட்காதது என்று அர்த்தம் திரிந்தது. இதை எதிர்த்து எட்மண்ட்சனே பலமுறை எழுத வேண்டி வந்தது. அந்த முதல் வார்டைத் திரும்பிப் பார்த்தாலே போதும். அங்கே தவறு லேசாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. தவறு உயிரை எடுக்கும் என்று தெரிந்ததால்தான் உடனே சொன்னார்கள். இனிமையாக ஒருவர் முகம் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு டோஸை மாற்றிக் கொடுக்கும் வார்டு யாருக்கும் வேண்டாம்.

ஆய்வு மாணவர்களை வைத்திருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உளப் பாதுகாப்பு பற்றி ஏழு கேள்விகளை அச்சடித்து அனுப்புவதற்கு முன், அந்த 1996ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். இருபத்து நான்கு பக்கம்தான். எண்களைத் தெரியாத ஒருவரை அந்த நிறுவனத்துக்குள் சில நாள் அனுப்பிப் பாருங்கள். குறி மாறி வந்தது என்று மாணவர் உங்கள் அறைக் கதவைத் தட்டினால், கூடுதலாக ஐம்பது பேரைத் தேடச் சொல்லாமல், ஏன் மாறியது என்று கேளுங்கள். அந்த இயல் எழுதி முடிய இன்னும் ஓராண்டு ஆகும் என்றால், ஆகட்டும்.